நட்சத்திரம் தொங்கிற வீடு

ஹொலர்ஸ்டைன், ஒக்டோபர் 28

அண்ணா, அண்ணா, அண்ணா! முருகன்ர நட்சத்திரத்தை வாசல்ல தொங்கவிட்டதுக்கு ஊர்க்காரர் மூண்டு பேர் எங்கட ஹோலுக்குள்ள வந்து இருந்து பியர் கேட்டிட்டினம், கேட்டது பிழையே இல்லை எண்டும் இப்ப தெரிய வந்திட்டுது!

சரி. முதல்ல சுகம் விசாரி எண்டு அம்மா பக்கத்தில நிண்டு இடிக்கிறா. நாங்கள் மூண்டு பேரும் நல்ல சுகம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் குளிருக்கு நோகுது. நீங்கள் எப்படி? டிரெஸ்டன்ல கணினிச் சிப் செய்யிற அறைக்குள்ள போனை விடமாட்டினம் எண்டது விளங்குது. ஆனா பயிற்சி முடியும்வரை போனே இல்லை, கடிதம் போடு, அதுவும் தமிழில போடு எண்டால் இது கொம்பனியா, ஆச்சிரமமா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அம்மா இழுத்துக்கொண்டு போனது இண்டைக்குத்தான் உதவுது.

இனிக் கதை. கந்தசஷ்டிக்கு அம்மா விரதம் எல்லோ. அவவுக்குத் தெரியாமல் அப்பா பலகையில ஒரு பெரிய ஆறுமூலை நட்சத்திரம் வெட்டி, லைற் பூட்டி, வாசலுக்கு மேல நீட்டிக்கொண்டிருக்கிற அந்த இரும்புக் கம்பியில தொங்க விட்டிருக்கிறார். நாங்கள் இவ்வளவு காலமும் பூச்சாடி தொங்கவிட்ட கம்பிதான். நான் அப்ப றேகன்ஸ்புர்க்கில, அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்பயிற்சி வகுப்பில. நான் வீட்டில நிண்டிருந்தால் ஓடிப்போய்க் கழட்டியிருப்பன். ஏனெண்டால் இந்த ஜேர்மன் ஊரில ஆறுமூலை நட்சத்திரம் எண்டால் ஒரே ஒரு அர்த்தம்தான்: "இண்டைக்கு இந்த வீட்டில பியர் இருக்கு, உள்ள வாங்கோ."

அதுதான் சொய்கல், அண்ணா. என்ர இன்ஸ்டாவில ஒரு வருஷமாக் கத்திக்கொண்டிருக்கிறன், நீங்கள் ஒரு காணொளியும் பாக்கேல்லை எண்டு தெரியும். ஊருக்குப் பொதுவா ஒரு கொப்பரை. அதில காய்ச்சி, அவரவர் கெல்லருக்குள்ள, அதுதான் வீட்டு நிலவறைக்குள்ள, புளிக்கவச்சு, முறை வைச்சு அவரவர் வீட்டு ஹோலிலயே குடுக்கிறது. முறை வந்த வீட்டில நட்சத்திரம் தொங்கும்.

சனிக்கிழமை பின்னேரம் கதவு திறந்திருக்கு. ஸெப் எண்டு ஒரு முன்னாள் தபால்காரர், அவற்ற ரெண்டு கூட்டாளிமார், றெக்ஸ் எண்ட நாய். மூண்டு பேரும் வந்து சோபாவில இருந்திட்டினம். நாய் கம்பளத்தில. அப்பா திகைச்சுப் போனார். அம்மா என்ன நினைச்சா தெரியுமோ? சஷ்டிக்கு வந்திருக்கினம் எண்டு!

"இருங்கோ, இருங்கோ" எண்டு சொல்லி, படைச்ச கடலையும் அவலும் தேத்தண்ணியும் குடுத்திருக்கிறா. ரெண்டு பேர் கோப்பையைப் பாத்து முழிச்சவையாம். ஸெப் மட்டும் சந்தோசமா நாலு கோப்பை தேத்தண்ணி குடிச்சவராம். பேந்து ஒராள் மெல்லக் கேட்டிருக்கிறார், "அப்ப பியர் எப்ப வரும்?"

"எந்த பியர்?"

"நட்சத்திரம் தொங்குதே!"

"ஐயோ, அது எங்கட கடவுள்!"

ஸெப் சிரிச்ச சிரிப்பில றெக்ஸ் குலைக்கத் தொடங்கிட்டுதாம். அப்பாவுக்கு அதைவிடச் சிரிப்பு. யாழ்ப்பாணத்தில அவரோட படிச்ச ஒருத்தருக்கும் றெக்ஸ் எண்டுதான் பேராம், ஒவ்வொருக்காவும் "றெக்ஸ், சும்மா இரு" எண்டு சொல்லேக்க அவருக்கு ஏதோ செய்ததாம்.

பெரிய செய்தி இதுதான். போகேக்க ஸெப் அந்தக் கம்பியைத் தட்டிச் சொன்னாராம், "இதில முந்தியும் நட்சத்திரம் தொங்கினதுதான். இது காய்ச்சிற உரிமை உள்ள வீடு." அப்பிடி உரிமை உள்ள வீடுகளின்ர பழைய பட்டியலில ஒரு வீடு குறையுது, எங்க போச்சு எண்டு நான் ஏழு காணொளி போட்டிருக்கிறன், அண்ணா. நான் அதுக்குள்ள படுத்து நித்திரை கொண்டிருக்கிறன்!

கெதியா எழுதுங்கோ. அம்மா விபூதி வச்சிருக்கிறா, உறைக்குள்ள பாருங்கோ.

உங்கட
லக்சி

*

நவம்பர் 9

அன்புள்ள தங்கை லக்சிகாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். அம்மா, அப்பா, நீ நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. வாசித்துச் சிரித்தேன். விபூதி கிடைத்தது.

இங்கே வேலை ஒழுங்காகப் போகிறது. காலையில் நேரத்துக்கு எழும்புகிறோம். நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். பின்னேரங்களில் நடக்கப் போகிறோம். சுற்றிவர ஊசியிலைக் காடு. நல்ல காற்று.

என் விலாசத்தை வேறு ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். அப்பாவை முழங்காலுக்கு வைத்தியரிடம் நேரம் எடுக்கச் சொல்.

அன்புடன்,
ஐங்கரன்

*

ஹொலர்ஸ்டைன், நவம்பர் 12

அண்ணா,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ எண்டு கேட்டால் "நலமாக இருக்கிறேன்" எண்டு ரேடியோ செய்தி வாசிக்கிறீங்கள். யார் பக்கத்தில நிண்டு திருத்துறது? சிப் செய்யிற கொம்பனியைச் சுத்தி எங்க இருந்து காடு வந்தது?

இருக்கட்டும். இங்கை வீடு ரெண்டுபட்டுப் போய்க் கிடக்கு.

குறுண்ட்புக்கில, காணி எழுதிற அந்தப் புத்தகத்தில, எங்கட வீட்டுப் பக்கத்தைப் போய்ப் பாத்தன். ஸெப் சொன்னது சரி. உரிமை ஆளுக்கு இல்லை, அண்ணா, வீட்டுக்கு! வீட்டை வாங்கினால் அதுவும் சேர்ந்து வரும், கூரை ஒழுக்கு வந்த மாதிரி. இது சந்தை ஊர். கிழமைக்கொருக்கா மாட்டு வண்டிலில வந்தவைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதுதான் பலகை எழுதாமல் நட்சத்திரம் வச்சவை. வீட்டுக்கு வீடு காய்ச்சி ரெண்டு தரம் ஊரே எரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகுதான் கல்லில ஒரு பொதுக் காய்ச்சுசாலை கட்டினது. ஒருகாலத்தில தெரு முழுக்க இப்படி வீடுகள். இப்ப மிச்சம் ரெண்டு. அதில ஒண்டு காய்ச்சுசாலையைப் பாக்கிற மரியன்னேயின்ர வீடு.

இதைக் கவனமாக் கேளுங்கோ. ரெண்டு வீட்டுக்காகக் காய்ச்சுசாலையை வச்சிருக்க ஏலாது எண்டு ஊர்ச்சபை சொல்லிப்போட்டுது. பெப்ரவரி முடியிறதுக்குள்ள மூண்டாவது வீடு ஒண்டு காய்ச்சி, நட்சத்திரம் தொங்கவிட்டு, ஆக்களை இருத்த வேணும். இல்லாட்டில் பூட்டிப்போட்டு கார் நிப்பாட்டிற இடமாக்கப் போகினம். ஐந்நூறு வருஷத்துக் கொப்பரைக்கு மேல பார்க்கிங்! உரிமை உள்ள மற்ற வீடுகள் எல்லாம் வங்கியும் பல் டொக்டரும் ஆயிட்டுது. நாங்கள்தான் மூண்டாவது வீடு!

அம்மா கேட்டிட்டுச் சாமியறைக் கதவைப் பூட்டினா. "முருகன்ர சக்கரத்தைக் காட்டிச் சாராயம் விக்கச் சொல்லுறியோ?"

"சாராயமில்லை அம்மா, பியர்."

"ரெண்டும் விக்கிற இடம் தவறணைதான்."

அப்பாவை உங்களுக்குத் தெரியும்தானே, முப்பது வருஷம் கண்ணாடி ஃபக்ரறியில நிண்டு பியர் கிளாஸ் செக் பண்ணின மனுசன், ஒருநாளும் ஒண்டில ஊத்திக் குடிச்சதில்லை. ராத்திரிச் சாப்பாட்டில திடீரெண்டு அம்மாவைப் பாத்துச் சொன்னார். "சுந்தரம், இந்த வீட்டுக்கு நாங்கள் வந்து இருவது வருஷத்துக்கு மேல. இந்த ஊர்ச் சனம் ஒராள் உள்ள வந்து இருந்திருக்கோ? வாசல்ல நிண்டு கதைச்சிருக்கினம். மீற்றர் பாக்கிறவன் வந்திருக்கிறான். அண்டைக்குத்தான் முதல்முதல் வந்து இருந்தவை."

அம்மா அப்பளத்தை உடைச்சுக்கொண்டே இருந்தா. பேந்து கேட்டா, "அந்த நாய்க்காரர் திரும்ப வருவாரோ?"

அவ்வளவுதான்! வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனி காய்ச்சிறம். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? கெதியா, கெதியா!

லக்சி

*

நவம்பர் 27

அன்புள்ள லக்சிகா,

நலம். நலமறிய ஆவல். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும்.

இந்த யோசனை வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டுக்குள் அது வேண்டாம். அம்மாவுக்கு வேலை கூடும். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். நீயும் படிக்க வேண்டும். ஊரில் வேறு வீடுகள் இருக்கும்.

இதற்கு மேல் விளக்கம் கேட்காதே.

அன்புடன்,
ஐங்கரன்

*

ஹொலர்ஸ்டைன், டிசெம்பர் 2

அண்ணா,

அம்மா, அப்பா சுகம். நான் கோவத்தில இருக்கிறன். அதுவும் ஒரு சுகம்தான்.

உங்கட கடிதம் வரமுந்தியே காய்ச்சி முடிஞ்சுது. வேறு வீடுகள் இல்லை எண்டு எழுதினனான்தானே? வாசிச்சனீங்களோ? ஏன் வேண்டாம் எண்டு ஒரு வரி எழுதினால் பேனை தேஞ்சு போயிடுமோ?

ஆனாலும் அண்டைக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. விடிய முந்தியே மரியன்னே விறகு அடுக்கி நெருப்பு மூட்டிட்டா. அவவுக்கு அம்பது வயசிருக்கும், மண்வெட்டி மாதிரிக் கை. பார்லி மோல்ட்டைச் சுடுதண்ணியில கொட்டினதும் வந்த மணம் இருக்கே! அம்மா கோயிலுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டு, பாதையில அந்த மணத்தைப் பிடிச்சுக்கொண்டு காய்ச்சுசாலை வாசல்ல வந்து நிக்கிறா, சீலைக்கு மேல குளிர் ஜக்கெற்றோட.

"இது நாங்கள் ஊரில கரைச்சுக் குடிச்ச நெஸ்டமோல்ட் மணமெல்லோ!"

மரியன்னே ஒரு கிளாஸில அள்ளிக் குடுத்தா. இன்னும் பியர் ஆகாத சாறு, இனிப்பு, நல்ல சூடு. ஈஸ்ட் போட்டுப் புளிச்சால்தான் வெறிக்கும், இது சும்மா சீனிப்பாணி மாதிரி எண்டு நான் சத்தியம் பண்ணினன். அம்மா ஊதி ஊதி முழுக்கக் குடிச்சா. "இவ்வளவு நல்ல சாமானைப் புளிக்கவச்சுக் கெடுக்கிறியளே" எண்டு மரியன்னேக்கு ஜேர்மனில பேச்சு. மரியன்னே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா.

அப்பா துடுப்பு மாதிரிப் பெரிய மரக்கட்டையால கிண்டினவர். முழங்கால் நோகேல்லையோ எண்டு கேட்டதுக்கு "எந்த முழங்கால்?" எண்டார். ஸெப் வழமைபோல கையில மண் குவளையோட ஒரு மூலையில இருந்து எல்லாருக்கும் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். நான் அவரை வச்சு இருவது காணொளி எடுத்திருப்பன். அந்தக் குவளை இல்லாமல் ஆளைக் கண்டதேயில்லை. காய்ச்சின சாறை மேல்தட்டில பெரிய தட்டைத் தொட்டியில விடிய விடிய ஆறவிட்டு, அடுத்தநாள் எங்கட கெல்லருக்குக் கொண்டு வந்தம். இப்ப அது கீழ குமிழ் விட்டுக்கொண்டிருக்கு. காதை வச்சால் கேக்கும்.

நட்சத்திரம் தைப்பூசத்துக்குத் தொங்கும். அம்மாதான் நாள் வச்சா. முருகன்ர நட்சத்திரம் முருகன்ர நாளிலதானாம். ஜனவரி 31 பின்னேரமும் பெப்ரவரி முதலாம் திகதியும். ஜனவரி கடைசியோட பயிற்சி முடியுது எண்டு சொன்னனீங்கள்தானே? அப்ப நேரா இங்க வாறீங்கள். மாட்டன் எண்டு எழுதினால் நான் அந்தக் கடிதத்தை வாசிக்கவே மாட்டன்.

லக்சி

*

ஹொலர்ஸ்டைன், டிசெம்பர் 18

அண்ணா,

சுகமோ? பதிலைக் காணேல்லை. ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பாக்கிறன், விளம்பரத் தாள்தான் கிடக்கு. கோவமெண்டால் பேசி எழுதுங்கோ. பேச்சு வாங்கிறது எனக்குப் பழக்கம்.

உங்கட பிறந்தநாளுக்குச் சேர்த்து ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறன். அம்மான்ர பயித்தம் பணியாரம், அப்பா பின்னின தொப்பி (ஓம், அப்பா! முழங்காலுக்கு ஓய்வு எடுக்கச் சொன்னதுக்கு யூரியூபில பின்னப் பழகிட்டார்). நடுவில, துணி சுத்தி, எங்கட கெல்லரில பிறந்த முதல் போத்தில். இன்னும் பிஞ்சுதான், ஆனா முதல் போத்தில் வீட்டு மூத்த பிள்ளைக்குத்தான் எண்டு அப்பா தன்ர கையால மூடி அடைச்சவர். நீங்கள் குடிச்சுப் பாத்து ஒரு சொல்லுச் சொன்னால் காணும்.

உங்கட
லக்சி

*

ஹொலர்ஸ்டைன், ஜனவரி 8

அண்ணா,

பெட்டி திரும்பி வந்திட்டுது.

பணியாரமும் தொப்பியும் உங்களிட்டைச் சேர்ந்திட்டுது போல, அது ரெண்டும் பெட்டிக்குள்ள இல்லை. போத்தில் மட்டும் அதே துணியோட அப்பிடியே இருக்கு. பெட்டிக்கு மேல ஒரு ஸ்டிக்கர். குடிப்பழக்கத்தில இருந்து மீளுறவைக்கான கிளினிக், மதுபானம் உள்ள விடுறேல்லை எண்டு. உங்கட விலாசத்தில ஹவுஸ் மூண்டு, அறை பன்னிரண்டு எண்டது கொம்பனி விடுதி எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி யார் எந்த வீட்டில என்ன குடிச்சவை எண்டு தேடித் தேடிப் படிச்சன். சொந்த அண்ணாவைப் பாக்கேல்லை. போன ஆடி மாசம் வந்து நிக்கேக்க ஒவ்வொரு பின்னேரமும் "பெற்றோல் அடிச்சிட்டு வாறன்" எண்டு போனனீங்கள். காருக்கு அவ்வளவு பெற்றோல் ஏன் எண்டு யோசிக்காமல், நான் உங்களுக்குக் காணொளி காட்டிக்கொண்டு திரிஞ்சன்.

அந்த இடத்துக்கு பியர் அனுப்பின தங்கச்சி உலகத்திலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம். அம்மாட்டை நான் சொல்லேல்லை. சுகமோ எண்டு மட்டும் எழுதுங்கோ. இந்த முறை உண்மையா.

லக்சி

*

ஜனவரி 15

லக்சி,

பொங்கல் வாழ்த்து. சுகமா இருக்கிறன். முந்தி எழுதின சுகமெல்லாம் கைப்பழக்கத்தில எழுதினது. இது யோசிச்சு எழுதிறன்: காலமை எழும்பேக்க கை நடுங்கிறேல்லை. தேத்தண்ணிக்கு ருசி தெரியுது. இரவில நித்திரை வருது, முழுக்க இல்லை, ஆனா வருது.

முதல்ல நீ அழுறதை நிப்பாட்டு. உன்ர பெட்டியால எங்கட ஹவுஸில ரெண்டு நாள் ஒரே பகிடி. எல்லாருக்கும் முன்னால திறந்து பாக்கிறதுதான் இங்க வழக்கம். நேர்ஸ் போத்திலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, "உங்கட தங்கச்சிக்கு உங்களில நல்ல விருப்பம் போல" எண்டா. பதினாலு பேர், பெரிய பெரிய மனுசர், கண்ணில தண்ணி வரச் சிரிச்சவை. நானும்தான். இங்க வந்து அண்டைக்குத்தான் நான் அப்பிடிச் சிரிச்சன். பணியாரத்தை அவையே முடிச்சுப்போட்டினம். தொப்பியைக் குடுக்கேல்லை.

நீ காணாததுக்கு நீ காரணமில்லை. காணாமல் இருக்கிறதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமோ? அதுக்கே தனிச் சம்பளம் தரலாம்.

முப்பதாம் திகதி வெளியில விடுகினம். ஆனா நான் வீட்டை வரேல்லை. டிரெஸ்டன் அறைக்குப் போறன், பங்குனியில வாறன். எனக்காக நட்சத்திரத்தை நிப்பாட்டிப் போடாதை. அப்பா கொப்பரை கிண்டினதை நீ எழுதின கடிதத்தைப் பத்துத் தரம் வாசிச்சிட்டன். அதை நான் பறிக்க மாட்டன்.

பயம் உன்ர பியருக்கு இல்லை, லக்சி. வீடு நிறையச் சனம் சிரிச்சுக்கொண்டு இருக்கேக்க, நான் மட்டும் கையில ஒண்டும் இல்லாமல் நிப்பன். ஒராள் கேப்பார், "ஏன் நீ குடிக்கேல்லை?" அதுக்கு என்ன சொல்லுறது எண்டு இங்க இன்னும் ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை.

அம்மா அப்பாட்டை நான் நேரில சொல்லுறன். எப்பிடி எண்டுதான் தெரியேல்லை.

அண்ணா

*

ஹொலர்ஸ்டைன்
20.01

அன்புள்ள மகன் ஐங்கரனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு முருகன் துணை.

பொங்கலுக்கு நீ இல்லாதபடியால் பால் பொங்கின பக்கத்தை அப்பா படம் எடுத்து வைத்திருக்கிறார். மிளகாய்த்தூள் புதிதாக வறுத்தேன். உன் அறையைக் கூட்டிக் கட்டில் விரிப்பு மாற்றிவிட்டேன். ஹீற்றர் சத்தம் போடுகிறது, ஆனால் சூடு வருகிறது.

தங்கச்சி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பேசாதே. தபால்காரனிடம் பெட்டியை வாங்கினது அப்பா. முப்பது வருஷம் கண்ணாடியில் கீறல் பார்த்த கண்ணுக்கு ஸ்டிக்கர் வாசிக்கத் தெரியாதா? அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் எழும்பி, நல்ல இடத்தில்தான் பிள்ளை இருக்கிறான் என்று சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் சூரன்போர் பார்க்கிறோம். முருகன் சூரனை இல்லாமல் பண்ணவில்லையே, தம்பி. மயிலும் சேவலுமாகத் தன்னோடுதானே வைத்துக்கொண்டார். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

நீ வராவிட்டால் அந்த விரிப்பில் தூசி படியும். யோசித்துப் பார்.

அன்புள்ள அம்மா
சுந்தரேஸ்வரி

*

ஹொலர்ஸ்டைன், ஜனவரி 24

அண்ணா,

நாங்கள் சுகம். உங்கட சுகத்தை உங்கட கையெழுத்தில பாத்தன், எழுத்து வளைஞ்சு வளைஞ்சு பழையபடி கோழிக்கால் மாதிரி வந்திருக்கு. அதுதான் உண்மையான சுகம்.

நேற்று எங்கட ஹோலில ஒரு கூட்டம். மரியன்னே, ஸெப், றெக்ஸ், நாங்கள் மூண்டு பேர். அப்பா எழும்பி நிண்டு, வேலைக்கு விண்ணப்பிக்கிற ஆள் மாதிரிச் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னார்: "தைப்பூசத்துக்கு என்ர மகன் வீட்டை வரலாம். அவன் வாற அண்டைக்கு என்ர வீட்டுக்குள்ள பியர் இருக்காது. ஆனா எனக்கு நட்சத்திரம் தொங்கவும் வேணும், உங்கட காய்ச்சுசாலை இருக்கவும் வேணும். என்ன செய்யலாம்?"

ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை, அண்ணா. நான் ஒவ்வொரு முகமாப் பாத்தன். ஒருத்தரும் கேக்கேல்லை.

மரியன்னே சொன்னா, "உங்கட பீப்பாயை என்ர கெல்லருக்கு உருட்டிக்கொண்டு போறன். குடிக்கிறவை என்ர வீட்டை வரட்டும், பத்து வீடு தள்ளித்தானே." அப்ப எங்கட வீட்டில என்ன குடுக்கிறது? நட்சத்திரம் தொங்கிற வீட்டில கொப்பரையால வந்ததைக் குடுக்க வேணும் எண்டது ஊர் வழக்கம். அம்மா குசினிக்குள்ள இருந்து தலையை நீட்டினா. "பூசத்தண்டைக்கு மரியன்னே திரும்பக் காய்ச்சிறா எண்டெல்லோ சொன்னவ? புளிக்கமுந்தி ஒரு வாளி தரச் சொல்லு. நெஸ்டமோல்ட் குடுப்பம்."

மரியன்னே ஸெப்பைப் பாத்தா. ஸெப் தாடையைச் சொறிஞ்சார். "கொப்பரையால வந்ததுதானே? வந்ததுதான். ஊர்ச்சபை கேட்டால் நான் கதைக்கிறன். இருபத்தெட்டு வருஷம் அவையின்ர தபாலெல்லாம் கொண்டு திரிஞ்சவன் நான், எனக்கு முன்னால ஒருத்தரும் வாய் திறக்காயினம்."

எல்லாரும் சிரிச்சம். போற நேரம் ஸெப் தன்ர மண் குவளையை என்ர கையில தந்து, "குடிச்சுப் பார், ஊர்ச் சரித்திரக்காரி" எண்டார். குடிச்சன்.

அப்பிள் யூஸும் சோடாவும், அண்ணா.

"பதினொரு வருஷம்" எண்டார். ஒவ்வொரு சொய்கலுக்கும் போறவர். அதே கதிரை, அதே குவளை, அதே பகிடி. மரியன்னே கேக்காமலே நிரப்பிக் குடுக்கிறா. ஊருக்கே தெரியுமாம், ஒருத்தரும் கதைக்கிறேல்லையாம். இருவது காணொளியில அந்தக் குவளையைக் கிட்ட வச்சுப் படம் பிடிச்சிருக்கிறன், உள்ளுக்க என்ன எண்டு ஒருநாளும் பாக்கேல்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை, உங்கட பேர் சொல்லாமல், அவரிட்டைக் கேட்டன். ஒராள் வந்து "ஏன் நீ குடிக்கேல்லை" எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?

"நான் குடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன் எண்டு சொல்லு" எண்டு குவளையைத் தூக்கிக் காட்டினார். பேந்து, "கை வெறுமையா இருக்கக்கூடாது. முதல் வருஷம் எனக்கும் அதுதான் கஷ்டமா இருந்தது" எண்டார். இண்டைக்குக் காலமை வாசல்ல ஒரு பழைய மண் குவளை கிடந்தது. பக்கத்தில றெக்ஸின்ர கால் அடையாளம், பனியில. குவளையில பேர் எழுதேல்லை. அம்மா கழுவிக் கவிழ்த்து வச்சிருக்கிறா.

முப்பத்தோராம் திகதி டிரெஸ்டனால வாற ரயிலுக்கு அப்பா ஸ்டேசனில நிப்பார். நீங்கள் வராட்டிலும் நிப்பாராம். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாங்கோ, அப்பதான் அடையாளம் தெரியுமாம். இது பகிடி இல்லை, உண்மையாச் சொல்லுறார்.

பின்வாறதை இண்டைக்கு இன்ஸ்டாவில போடுறன். ஜேர்மனிலயும் தமிழிலயும். முதல் பிரதி உங்களுக்கு:

"ஊராரே, உறவுகளே! ஹொலர்ஸ்டைனில மூண்டாவது நட்சத்திரம் தொங்குது! ஜனவரி 31 பின்னேரமும், தைப்பூசம் ஞாயிறு முழுநாளும், எங்கட மகேந்திரராஜா வீட்டில. கொப்பரையால சுடச்சுட இனிப்புச் சாறு, அம்மான்ர உளுந்து வடை, தேத்தண்ணி. பியர் வேணுமெண்டால் பத்து வீடு தள்ளி மரியன்னேயிட்டை, குடிச்சிட்டு வடைக்குத் திரும்பி வாங்கோ. வையிடனில இருக்கிற தமிழ்ச் சனம், நியூர்ன்பெர்க்கில இருக்கிற சனம், எல்லாரும் வாங்கோ. கதிரை காணாது, ஒண்டு கொண்டு வாங்கோ. நாய் வரலாம். ஐந்நூறு வருஷத்து நெருப்பு நூராமல் இருக்க, சனம் இருந்து காட்ட வேணும். இதைப் பகிருங்கோ, பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கோ, வாறீங்கள் எண்டால் கீழ ஒரு நட்சத்திரம் போடுங்கோ. நட்சத்திரம் தொங்கிற வீட்டுக் கதவு பூட்டுறேல்லை. வாறவையை ஏன் வந்தனீங்கள் எண்டும் கேக்கிறேல்லை, என்ன குடிக்கிறீங்கள் எண்டும் கேக்கிறேல்லை."

அண்ணா, நீங்கள் பகிர வேண்டாம். ஒரு தபாலட்டையில ஒரு நட்சத்திரம் மட்டும் கீறிப் போடுங்கோ.

லக்சி